மாப்பிள்ளை கார்

பானெட் பாதியில் நின்றுவிட்டது. தோளைக் கொடுத்து நெட்டித் தள்ளினாள்.

உள்ளே எலி கூடு கட்டியிருந்தது.

“கொட்டகையில காத்தாட நிறுத்தி வச்சிருந்தோம்க்கா, வேற ஒண்ணும் இல்ல,” என்றார் லத்தீப் பாய். வண்டி அவருடையது. விற்க வேண்டியவர் வேறு எப்படிப் பேசுவார்?

எந்தக் கம்பெனி கார் என்று மதுரையில் பலருக்குத் தெரியாது. மாப்பிள்ளை கார் என்றால் தெரியும். கூரை இல்லாத நீளமான கார். ஒரு காலத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் இதைத்தான் தேடி வருவார்கள்.

இப்போது தரைத் தகடு ஓட்டை. கால் வைக்கும் இடத்தில் புல் தெரிந்தது. சீட்டில் பஞ்சு பாதிதான் பாக்கி. எஞ்சின் ஓடி எத்தனை வருஷம் ஆயிற்றோ.

நியாயமாக இது காயலான் கடைக்குப் போக வேண்டிய வண்டி. லாரிப் பட்டறையில் வளர்ந்து, அப்பாவுக்குப் பிறகு அதே பட்டறையை நடத்துகிறவள் அவள். அவளுக்கா தெரியாது? இதை இழுத்துக்கொண்டு போனால் மாதக்கணக்கில் ஒரு மூலையை அடைத்துக்கொள்ளும். அவளிடம் வேலை செய்கிறவர்களே முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

ஆனாலும் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். அது இல்லையென்றால் நடையைக் கட்டலாம்.

கணவர் கொட்டகைக்கு வெளியே குடை பிடித்து நின்றார். கார் விஷயத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஓட்டவும் தெரியாது. ஓட்டத்தான் அவள் இருக்கிறாளே.

முந்தானையால் கார்புரேட்டரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பாய் சும்மா இருக்கவில்லை. “ஒரே ஒரு தடவைதான்க்கா மக்கர் பண்ணிருக்கு. கீழமாசி வீதியில கொட்டுமேளத்தோட போறப்ப நின்னுபோச்சாம். அந்த மாப்பிள்ளை கெட்டிக்காரரு. மாலையும் கழுத்துமா இறங்கி அவரே சரி பண்ணிட்டாராம். எங்க அத்தா காலத்துக் கதை. ஊரே சொல்லும்.”

அவள் கை நின்றது.

“அப்படியா?” என்றாள்.

எரிச்சலாகத்தான் இருந்தது. அழுகை வருகிற மாதிரி ஓர் எரிச்சல். இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. தன் பெருமையைத் தானே சொல்லி வாங்கிக்கொள்வது அவளுக்கு ஆகாது.

அன்று மாப்பிள்ளை இறங்கவில்லை. இறங்கவும் கூடாது. மண்டப வாசலில் ஆரத்தி எடுத்த பிறகுதான் அவர் கால் தரையில் படலாம். மண்டபமோ அடுத்த தெருவில். எஞ்சின் முனகியது, எவ்வளவு மிதித்தும் வண்டி நகரவில்லை. தேர் மாதிரி வடம் கட்டி இழுக்கலாம் என்று பெரியவர் ஒருவர் யோசனை சொன்னார். நாயனக்காரர் வாசித்ததையே திரும்ப வாசித்தார்.

விஷயம் மண்டபத்துக்கு வந்தது. மணப்பெண் மாடியிலிருந்து இறங்கினாள். அத்தைமார் கையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டு, பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் நடந்தாள்.

பானெட்டைத் திறந்தாள். கார்புரேட்டரிலிருந்து ஆக்ஸிலரேட்டர் கம்பி கழன்று தொங்கியது. அதைப் பிடித்திருந்த சின்ன ஊசி எங்கோ விழுந்திருந்தது. தலையில் கை வைத்து ஒரு கொண்டை ஊசியை உருவினாள். துளையில் செருகி முனைகளை மடக்கினாள்.

காரில் மாலையோடு இருந்தவர் பதறி எழுந்தார்.

“நீங்க இறங்காதீங்க,” என்றாள்.

அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

பாயின் அப்பாதான் அன்று கார் ஓட்டினார். அவர் உள்ளதைத்தான் சொல்லியிருப்பார். கேட்ட ஊர் அவளை மாப்பிள்ளையாக மாற்றிவிட்டது.

மறுபடி துடைத்தாள். எண்ணெய்ப் பிசுக்கு அட்டை மாதிரி உரிந்து வந்தது. நகத்தால் சுரண்டினாள்.

இருந்தது.

கறுத்துப் போய், துருப்பிடித்து, அவள் மடக்கிய மடக்கு அப்படியே. எத்தனை மெக்கானிக் இதில் கை வைத்திருப்பார்கள். ஒருவரும் அதை மாற்றவில்லை. மாற்ற வேண்டி வந்திருக்காது. அவளுக்குத் தலை தானாக நிமிர்ந்தது.

பாயும் எட்டிப் பார்த்தார். “என்னக்கா இது, கொண்டை ஊசி மாதிரி இருக்கு? ஒருவேளை அந்த மாப்பிள்ளை மாட்டினதா இருக்குமோ?”

அவள் ஊசியில் ஒட்டியிருந்த மிச்சப் பிசுக்கை வழித்தாள்.

குடை மடங்கும் சத்தம் கேட்டது.

“மாப்பிள்ளை தலையில ஏது பாய் கொண்டை ஊசி?” என்றபடி கணவர் உள்ளே வந்தார். “எனக்கு நல்லாத் தெரியும். மேல உக்காந்து வேடிக்கை பார்த்த மாப்பிள்ளை நாந்தான்.”

பாய் அவரைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“அக்கா... நீங்களா?”

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். அதற்குள் கணவர் பின்கதவைத் திறந்து ஏறி, பஞ்சு போன சீட்டில் உட்கார்ந்துவிட்டார். தூசி கிளம்பியது. மாலைதான் இல்லை. மற்றபடி அதே மிடுக்கு. அந்த ஊசியைச் செருகியதே அவர்தான் என்பது போல முகத்தில் அவ்வளவு பெருமை.

பானெட்டை மெல்ல மூடினாள்.

டயர்களில் காற்று இருந்தது. விற்கிற ஆசையில் பாய் காலையில்தான் அடித்திருக்க வேண்டும்.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். ஸ்டியரிங் முரண்டு பிடித்து, கடைசியில் திரும்பியது.

பின்னால் பார்க்காமலே சொன்னாள்.

“இறங்குங்க. தள்ளணும்.”