மூன்றாவது வக்கீல்

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. வக்கீல் முன்னால் கேட்க முடியுமா?

நசேனி வாயே திறக்கவில்லை. வயிற்றில் நாலு மாதம். ஆர்மீனியாவிலிருந்து அத்தை வீட்டைப் பார்க்க வந்த பெண், அமெரிக்காவில் தங்கும் அனுமதி முடிய இன்னும் பத்தொன்பதே நாள். வேறு யாராவதாக இருந்தால் வக்கீலின் காலைப் பிடித்திருப்பார்கள். இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பேசினதெல்லாம் வாஹேதான். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். க்ளெண்டேலிலேயே பிறந்த அமெரிக்கக் குடிமகன். ஆபீசுக்கு ஒரு பெட்டி பக்லாவா இனிப்பு, அவள் முதுகுக்கு ஒரு தலையணை, கையில் ஒரு நோட்டு என்று வந்திருந்தான்.

"ஒண்ணொண்ணா சொல்லுங்க சார், எழுதிக்கறேன்."

வக்கீல் பிரன்னனுக்கு ஆர்மீனியன் தெரியாது. நசேனிக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் மொழிபெயர்க்க நான். பதினாறு வருஷமாக எனக்கு இதுதான் வேலை.

"மோதிரம் எப்ப போட்டீங்க?" என்று கேட்டார் பிரன்னன்.

"மார்ச்சுல சார், இவ அத்தை வீட்டுல. எங்கம்மாதான் போட்டாங்க. இவ அப்பாம்மா ஊர்ல, கியூம்ரியிலேருந்து போன்ல பாத்தாங்க."

எங்கள் ஆர்மீனிய ஆட்களுக்கு மோதிரம் ஏறிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. ஆனால் மீதிப் பாதி நடக்காமல் வயிற்றோடு ஊர் திரும்பினால், பெண்ணைப் பெற்றவர் தெருவில் தலைகாட்ட முடியாது.

"அப்ப சிக்கலே இல்ல," என்றார் பிரன்னன். "இங்க வந்த பிறகுதானே முடிவு பண்ணியிருக்கீங்க. அடுத்த வாரமே கவுன்டி ஆபீசுல கல்யாணத்தைப் பண்ணிக்கிட்டு, இங்கேயே மனு போடலாம். பதில் வர்ற வரைக்கும் அவங்க இங்கேயே இருக்கலாம். குழந்தை பிறக்கறப்ப நீங்களும் பக்கத்துல இருப்பீங்க."

அதை நான் எங்கள் பாஷையில் சொன்னதும், நசேனி முதல்முறையாகத் திரும்பினாள்.

"அடுத்த வாரமா?"

"இரு நசேனி கண்ணு, மத்ததையும் கேட்டுக்குவோம்." வாஹே அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். "சார், இவ ஊருக்குப் போய்ட்டா?"

"கட்டிக்கப் போறவங்கன்னு நீங்க இங்கேருந்து மனு போட்டுக் கூப்பிடணும். ஒரு வருஷத்துக்கு மேலயே ஆகலாம்."

"கல்யாணத்தை முடிச்சுட்டுப் போனா?"

"அது இன்னும்கூட இழுக்கலாம்."

"குழந்தை அங்க பிறந்தா?"

"அதுக்குத் தனி பேப்பர். நீங்கதான் அப்பான்னு எழுத்துல ஒத்துக்கணும்."

அதையும் எழுதி, அடியில் கோடு போட்டான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் எனக்கு மனு போட்டபோது என் பெயரையே தப்பாக எழுதிய மகானுபாவர். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பையனா!

பிரன்னனுக்குப் போன் வந்தது. எங்களை வெளி அறையில் உட்காரச் சொன்னார். வாஹே கார் பார்க்கிங் மீட்டருக்குக் காசு போடக் கீழே ஓடினான். அவன் தலை மறைந்ததும் நான் ஆரம்பித்துவிட்டேன்.

"ஏம்மா, இந்த மாதிரி பையன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும். நீ என்னடான்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க. ஒரு சிரிப்பு? ஒரு நல்ல வார்த்தை?"

"அவர் நிறைய கேட்கறார்க்கா."

"உனக்காகத்தானே கேட்கறான்!"

"இவர் மூணாவது வக்கீல்க்கா."

"இருக்கட்டுமே! ஒரு தர்பூசணி வாங்கவே நாலு தட்டு தட்டிப் பார்க்கறோம். இது வாழ்க்கை. நாலு இடத்துல விசாரிக்கறான்னா அக்கறைன்னு அர்த்தம். நன்றி வேணாமா மனுஷிக்கு?"

அவ்வளவுதான், பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். "இந்த வயித்தோட போய் எங்கப்பா முன்னாடி எப்படிக்கா நிப்பேன்? நான் போய்ட்டா இந்தக் குழந்தைக்கு அப்பான்னு யார் இருக்கா?"

பாவம், பயத்தில்தான் ஊமையாக இருந்திருக்கிறது பெண். நான் வேறு வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன்.

"அசடு! அதான் அடுத்த வாரம்னு சொல்லிட்டாரே. உன் கல்யாணத்துக்கு நானே வந்து சாட்சிக் கையெழுத்துப் போடறேன். போ, மூஞ்சியைக் கழுவிட்டு வா."

சிரித்துவிட்டாள். கன்னத்தில் குழி விழுந்தது. அதுவரை அதை நான் பார்க்கவேயில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே பாத்ரூமுக்குப் போனாள்.

வாஹே திரும்பி வந்தான். பாத்ரூம் கதவைப் பார்த்தான். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அவ உங்களை ரொம்ப நம்பறா, இல்லக்கா?"

"நம்பாம என்ன தம்பி? பாவம், ஒரே பயம் அதுக்கு. ஏன் கேட்கற?"

"அவ அத்தை நச்சரிப்பு தாங்காமதான் இங்க கூட்டிட்டு வந்தேன். மத்த ரெண்டு ஆபீசுலயும் நம்ம பாஷை தெரிஞ்சவங்க யாரும் இல்ல. நான் சொன்னதுதான் அவளுக்கு வக்கீல் சொன்னது. தொல்லையில்லாம இருந்துச்சு."

நோட்டை விரித்து என் முன்னால் வைத்தான். மூன்று வழிகளும் அழகான கையெழுத்தில் வரிசையாக இருந்தன. தேன் மாதிரி அதே குரலில் சொன்னான்:

"அடுத்த வாரம்னு நீங்க சொன்னது தப்புன்னு சொல்லிடுங்கக்கா. இதுல கல்யாணம் பண்ணிக்காம ஊருக்குப் போய் வருஷக்கணக்காக் காத்திருக்கற வழி இருக்கே, வக்கீல் அதைத்தான் பண்ணச் சொல்றார்னு உங்க வாயாலயே சொல்லி, அவளை ஊருக்கு ஏத்தி விட்டுடுங்க."