நாற்பத்தொரு பாட்டும் ஒரு கையும்

காரில் போட்டுக் கேட்க வேண்டும் என்று எழிலரசி தன் கல்லூரிக் காலத்து ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தாள். அதிலிருந்த பாட்டுகளைக் கார் ஸ்டீரியோ எடுக்கவில்லை. எல்லாவற்றையும் எம்பி3யாக மாற்ற உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் சினிமா போஸ்டர்தான் அட்டைப்படம். ‘மழை’ என்ற ஃபோல்டருக்கு மட்டும் ஒரு ஆணின் கை. டீ கிளாஸைப் பிடித்திருந்தது. மணிக்கட்டில் கறுப்பு வார் வைத்த வாட்ச். முகம் இருந்திருந்தால் யாரென்று கேட்டிருப்பேன். வெறும் கையைக் காட்டி மனைவியிடம் என்னவென்று கேட்பது?

படத்தை அழித்தேன். பாட்டைப் போட்டதும் அதே கை வந்து நின்றது. அந்தப் படத்தை ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் தனித்தனியாகப் பதித்து வைத்திருக்கிறாள். நாற்பத்தொரு பாட்டு! போனில் என் நம்பருக்கு இன்றுவரை ஒரு படம் வைக்காதவள்.

வெறுமனே அழித்தால் எங்கே என்று கேட்பாள். அதனால் கறுப்பு வார் வாட்ச் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு, டீக்கடையில் கிளாஸைப் பிடித்தபடி என் இடது கையையே படமெடுத்தேன். நாற்பத்தொன்றிலும் அதைப் பதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காரில் முதல் பாட்டு ஆரம்பித்தது. திரையில் என் கை வந்தது. எழிலரசி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கியர் மேல் வாட்சோடு இருந்த என் இடது கையைப் பார்த்தாள்.

“அது வலது கைங்க” என்று சொல்லிவிட்டு, பாட்டின் சத்தத்தைக் கூட்டினாள்.