ருக்குவுக்கு ஓர் ஆயிரம்

மரக்கட்டை உருண்டு வலது கையைப் பறிகொடுத்த கண்ணையா, "இனி எம் மகளை எப்படிங்க காப்பாத்துவேன்?" என்று காண்ட்ராக்டரின் காலில் விழுந்தான்.

அவர் ஓர் ஆயிரம் ரூபாய் நோட்டை நீட்டினார். "நஷ்டஈடுன்னு நினைக்காதடா. ருக்குவுக்கு நான் தர்ற அன்பளிப்பு. அவ பேர்ல பேங்க்ல போட்டு வை."

தெய்வமே என்று கும்பிடக்கூட இன்னொரு கை இல்லை. 'கணக்குத் தீர்ந்தது' என்ற காகிதத்தில் கண்ணீரோடு இடது பெருவிரலை உருட்டினான்.

அது 1978 ஜனவரிக் கடைசி. மறுநாளே லாங் ஐலண்ட் தீவிலிருந்து போட் ஏறி, பட்டணத்து அபர்டீன் பஜார் பேங்கில் நோட்டைக் கொடுத்தான்.

காஷியர் பதறினார். "அரே, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாதுன்னு போன வாரமே சர்க்கார் சொல்லிட்டாங்களேப்பா! மாத்துற கெடுவும் முடிஞ்சுபோச்சு. ரேடியோ கேக்கலியா?"

கண்ணையா இடது கையால் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

அவர்கள் மரம் வெட்டும் கேம்பில் ரேடியோ இருப்பது ஒரே வீட்டில்தான். காண்ட்ராக்டர் வீட்டில்.