புதன்கிழமை ஈரம்

மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் தண்ணீரைத் துப்பியது.

அதன் வாயில் டோரீன் பிடித்திருந்த பழைய துணி தொப்பலாக நனைந்துவிட்டது.

விடிந்ததும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு மோட்டாரைக் கிளப்பி உறும விடுவார்கள். இந்த மலைக் குளிருக்குக் குழாய்க்குள் தண்ணீர் கட்டிக்கொள்ளும். அப்படியே விட்டால் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிடும். புருஷன் லியோனார்டுக்குத் தொண்டையில் கட்டி வந்து, புகையே ஆகாது என்றானதிலிருந்து அது டோரீன் வேலை.

இப்போதெல்லாம் அவன் ஓட்டுவது லயத்திலிருந்து தேயிலை ஃபேக்டரி வரைக்கும்தான். கூப்பிடு தூரம். குழாய் சூடேறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவான். ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

செவ்வாய்க்கிழமை மட்டும் வேறு. கட்டிக்கு ஊசி போட ஈப்போ டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவான். கம்போங் ராஜா தாண்டி மலையிறங்கி, திரும்ப ஏறி வருவதற்குள் குழாய் கொதித்து எல்லாம் காய்ந்துவிடும். புதன்கிழமை காலையில் துணி பேருக்குத்தான் நனையும். போன புதனும் அப்படித்தான் இருந்தது.

இன்றைக்கும் புதன்கிழமைதான்.

அப்படியென்றால் நேற்று மனுஷன் ஈப்போவுக்குப் போகவே இல்லை.

சோறு கட்டிக் கொடுத்து, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாளே. சாயந்திரம் வந்து, ஆஸ்பத்திரியில் ஒரே கூட்டம் என்று வேறு கதை அளந்தானே. பாவி மனுஷன், ஊசிக்குப் பயந்து எங்கேயோ பதுங்கிவிட்டு வந்திருக்கிறான். ஒரு வாரம் தவறினாலும் கட்டி திரும்ப வளரும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாரே. ஏசப்பா, இவன் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

பின்னால் இருமல் கேட்டது. லியோனார்ட் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தான். என்றைக்கும் எட்டி நிற்பவன், இன்றைக்குப் புகைக்குப் பக்கத்திலேயே வந்து குந்தினான். அவன் கண் அந்த ஈரத்துணி மேல் இருந்தது.

நாலு கேள்வி நறுக்கென்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். பயத்தில் கெஞ்சலாகத்தான் வந்தது.

"இன்னிக்கே போயிடலாம் வாங்க. நானும் பின்னால உக்காந்து வர்றேன். ஊசி போடுறப்ப கையப் புடிச்சிக்கிறேன்லா."

அவன் துணியை வாங்கி, தண்ணீர் போகப் பிழிந்தான்.

"போன வாரமே ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க டோரீன். இனிமே எந்த ஊசிக்கும் கட்டி கேக்காதாம். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, நேத்து சர்ச்சுக்குப் பின்னால உக்காந்து நீ கட்டிக் குடுத்த சோத்தத் தின்னுட்டு வந்தேன்."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

டோரீன் ஆக்சிலேட்டரை முறுக்கினாள். மோட்டார் அலறியது. அவன் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

குழாய் காய்ந்து வெகுநேரம் ஆன பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.