ஊளையிட்ட ஜீப்

தொழிலில் அவனுக்குப் பூனை என்று பெயர். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அப்பேர்ப்பட்டவன், போயும் போயும், தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஊளையிடும் ஒரு கிழட்டு ஜீப்பைத் திருடியிருந்தான்.

வெள்ளையைப் பச்சையாக்கினான். நம்பர் பிளேட்டை மாற்றினான். ஊளையை மட்டும் மாற்ற முடியவில்லை. விற்பதற்காக இன்று வெளியூர் கிளம்பினால், ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே பின்சக்கரங்கள் இறுகத் தொடங்கின. கண்ணில் பட்ட முதல் ஒர்க்‌ஷாப்புக்குள் எப்படியோ நுழைத்துவிட்டான்.

மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கி, பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியலின் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். பல்சக்கரத்தில் பாதிப் பல் இல்லை.

“யார் வண்டி தம்பி?”

“மாமாவோடது.”

“மாமா என்ன பண்றார்?”

யோசித்து வைக்காத கேள்வி. “சும்மாதான் இருக்கார்” என்றான். இல்லாத மாமாவுக்கு ஒரு வேலை தேடித் தரக்கூடத் துப்பில்லையே என்று தன்னையே நொந்துகொண்டான்.

மெக்கானிக் ஓரமாகப் போய் யாருக்கோ போன் பேசினார். திரும்பி வந்து, தூசி வருகிறது என்று சொல்லி கேட்டைச் சாத்தினார். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார்.

பூனை சாத்திய கேட்டையே பார்த்தான். மறுபடி மாட்டினால் ஜாமீன் எடுக்கக்கூட ஆளில்லை. ஓடலாம்தான். ஆனால் நாலு எட்டு ஓடினாலே மூச்சு வாங்கும் பூனை அவன். ஜெயிலுக்குப் போனால் எதற்காக வந்தாய் என்று மற்ற திருடர்கள் கேட்பார்கள். இந்த ஜீப்புக்காக என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

கேட் திறந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் பதறியடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“பெயிண்ட் அடிச்சா எனக்குத் தெரியாதா சார்? சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சேன். உங்க ஜீப்தான்” என்றார் மெக்கானிக், பெருமையாக.

வந்தவர் ஜீப்பைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

“போலீஸுக்குச் சொல்லிட்டீங்களா?”

“இல்ல சார். முதல்ல உங்களுக்குத்தான்.”

பூனை அவர் காலில் விழுவதற்குத் தயாராக எழுந்தான். அதற்குள் அவரே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, யாராவது எடுத்துட்டுப் போகட்டும்னு நாள் கணக்கா சாவியோடயே தெருவுல நிறுத்தி வெச்சேன். உங்க புண்ணியத்துலதான் அது தொலைஞ்சுது. இன்சூரன்ஸ் பணம் வர்ற நேரம். ரிப்பேர் செலவை நானே கொடுத்துடறேன், இந்தத் தடவை கொஞ்சம் தூரமாத் திருடிட்டுப் போங்க.”