லுங்கி கொடுத்த வாசனை

காசிலிங்கம் போய்ச் சேர்ந்தபின், அவர் நினைவாக அவருடைய துணிகளை வெட்டி அம்மாவுக்கு ஒரு போர்வை தைத்தாள் மகள். நல்ல சட்டைகளாகப் பார்த்து எடுத்தவள், அவர் தினமும் கட்டிய லுங்கியை மூலையில் போட்டுவிட்டாள். லுங்கி அதற்குக் கலங்கவில்லை. 'அம்மா வரட்டும், என்னை அவளுக்குத் தெரியும்' என்று கிடந்தது.

போர்வையிலிருந்த பட்டுச் சட்டைக்குத்தான் பயம். "அண்ணே, அவரு என்னைப் போட்டதே ரெண்டு கல்யாணத்துக்குத்தான். அம்மா மோந்து பாத்தா மாட்டிக்குவேனே."

"அட, இதுக்கா நடுங்குறே? எம்மேல வந்து புரளு."

போர்வை சரிந்து லுங்கிமேல் விழுந்தது. அவருடைய மூக்குப்பொடி வாசனை நன்றாக ஒட்டிக்கொண்டது.

அம்மா வந்தாள். போர்வையில் முகம் புதைத்து, "அவரேதான்டி" என்று தேம்பினாள். பிறகு லுங்கியை விரல் நுனியில் தூக்கினாள்.

"இந்தக் கந்தலை எதுக்குடி வச்சிருக்கே? ஒரே பொடி நாத்தம்."