முதல் துண்டு

ஆமைக்கறி தின்னாதவனுக்குக் கடலைப் பற்றிப் பேச உரிமை கிடையாது என்று லேத் மாஸ்டர் அறிவித்தார்.

படகு பழுதுபார்க்கும் பட்டறை. டீ நேரம். வெளியே மூன்று படகுகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. மாஸ்டர் லேத் மேல் ஒரு கையை ஊன்றி நின்றிருந்தார். அவர் பேசாமல் டீ குடித்ததாக வரலாறு இல்லை.

இதுவரை பதினேழு தடவை தின்றிருக்கிறாராம். இருபது என்றால் எவனும் நம்பமாட்டான். பதினேழு என்றால் எண்ணிப் பார்த்துச் சொல்கிற மாதிரி இருக்கும்.

ஆமையில் எப்போதாவது ஒன்று விஷமாக அமைந்துவிடும். பார்த்தாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது, எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. அதனால் கறி கிடைக்கிறவர்கள் முதல் துண்டை நாய்க்குப் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் காத்திருப்பார்கள். நாய் நின்றால் இவர்கள் உட்காருவார்கள்.

மாஸ்டருக்கு அதை நினைத்தாலே சிரிப்பு.

"நாய் சர்டிபிகேட் குடுத்தாத்தான் உங்களுக்குச் சோறு எறங்குமாய்யா? இவ்வளவு பயம் இருக்கிறவன் கஞ்சி குடிச்சிட்டுப் படுக்க வேண்டியதுதானே."

வெல்டர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மழைக்கோட்டுக்குள்ளிருந்து பேப்பரில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்து லேத் மேல் வைத்தார்.

"காலைல வலையில மாட்டுச்சு மாஸ்டர். எங்க நாய் செத்து ஒரு மாசமாச்சு. அதான் உங்ககிட்ட கொண்டாந்தேன். சாப்பிட்டுட்டு நாளைக்கு ருசி சொல்லுங்க."

ஏழு பேர் பொட்டலத்தைப் பார்த்தார்கள். பிறகு மாஸ்டரைப் பார்த்தார்கள்.

"இவ்வளவுதானா?" என்றார் மாஸ்டர். சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குக் கிளம்பினார்.

கணக்குப்படி இது பதினெட்டாவது தடவை. உண்மையில் முதல் தடவை.

மனைவி ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட். அதனால் அவரே அடுப்பைப் பற்றவைத்தார். ஆமையை எப்படிச் சமைப்பது என்று தெரியாது. வெங்காயம், மிளகாய், இஞ்சி, கைக்கு அகப்பட்ட எல்லாவற்றையும் போட்டுக் கொதிக்கவிட்டார். கொதிக்கக் கொதிக்க அவருக்குப் போன வருடம் ஆமைக்கறி தின்ற ஒரு வீடு ஞாபகம் வந்தது. ஒரே சட்டியில் தின்ற நான்கு பேர். தொண்டை எரிகிறது என்றார்களாம் முதலில். இரண்டு பேர்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார்கள். துக்கம் கேட்கப் போன இடத்தில், தவறு ஆமையில் இல்லை, பக்குவத்தில்தான் என்று மாஸ்டர் அரை மணி நேரம் விளக்கியிருந்தார்.

வாசனைக்கு அவருடைய நாய் வந்துவிட்டது. இரண்டு மாதச் சம்பளத்துக்கு வாங்கிய நாய். அதற்கென்று தனிப் பாய், தனி சோப்பு. அது அடுப்படியில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தது. அவர் சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஊதினார். நாய் வாலாட்டியது.

துண்டைத் திரும்பச் சட்டியில் போட்டார். நாயைக் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பின்பக்கம் கட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று கதவையும் தாழிட்டார்.

பிறகு சாமான் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

அங்கேதான் மாமனார் இருந்தார். இரண்டு வருடமாக இருக்கிறார். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் தன் தட்டைத் தானே எடுத்து வந்து, இருப்பதைப் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் சாப்பிட்டுக் கழுவி வைத்துவிட்டுப் போவார். மாப்பிள்ளை அவரிடம் கடைசியாகப் பேசியது, ஃபேனை அணைக்கச் சொல்லி.

"மாமா, சாப்பிட வாங்க."

பெரியவர் எழுந்தார். சட்டையைத் தேடிப் போட்டு, எல்லாப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு வந்தார். மேஜையில் வாழ்க்கையில் முதல்முறையாக உட்காருகிறவர் போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நீங்க முதல்ல சாப்பிடுங்க மாப்பிள்ளை. நான் எப்பவும்போல அப்புறமா..."

"பெரியவங்க இருக்கும்போது நான் எப்படி மாமா?"

சோற்றைப் போட்டு, நடுவில் குழித்து, கறியை ஊற்றினார். பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார்.

"என்ன கறி மாப்பிள்ளை?"

"நல்ல கறி மாமா."

பெரியவர் வாயில் வைத்தார். மாஸ்டர் குனிந்து கேட்டார். எப்படி இருக்கிறது? மிருதுவா, நாரா? நாக்கில் முதலில் என்ன தெரிகிறது? நாளைக்குப் பட்டறையில் சொல்லியாக வேண்டும்.

இந்த வீட்டில் தன்னிடம் அபிப்பிராயம் கேட்கப்படும் என்று பெரியவர் எதிர்பார்க்கவில்லை. கண்ணை மூடி நிதானமாக மென்றார். ஆட்டுக்கறி மாதிரி ஆரம்பித்து மீன் மாதிரி முடிகிறது என்றார். மாஸ்டர் உதட்டுக்குள் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"உங்களுக்குப் போட்டுக்கலையா?"

"பசிக்கல மாமா. நீங்க சாப்பிடுங்க."

தன் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியவரின் உதட்டை, தொண்டையை, நெற்றியை மாறி மாறிப் பார்த்தார்.

தன் முகத்தை யாரும் இவ்வளவு கவனமாகப் பார்த்து எத்தனையோ வருடமாகிவிட்டது. பெரியவருக்குக் கண் கலங்கியது. "எம்பொண்ணு குடுத்துவச்சவ" என்றார். மாப்பிள்ளையின் மனம் கோணக் கூடாதே என்று இன்னொரு துண்டை எடுத்தார்.

மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றே முக்கால்.